எதை நூறு என்று வைப்பது?

இதய ஸ்கேன் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவரின் அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கலாம்: இடது கீழறையின் முன்சுவரில் மருந்து ஏற்பு 62 சதவீதம். வீட்டில் உடனே மனக்கணக்கு தொடங்கிவிடும். மீதி 38 சதவீதம் அடைப்பு என்பார் ஒருவர். இல்லை, இதயம் 62 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று திருத்துவார் இன்னொருவர். இரண்டும் தவறு. அந்த எண் அடைப்பின் அளவும் இல்லை, இதயத்தின் திறனும் இல்லை. அந்த இடத்துக்கு எவ்வளவு ரத்தம் போனது என்பதைக்கூட அது நேராகச் சொல்வதில்லை. அது வெறும் ஒப்பீடு. ஏதோ ஒன்றை நூறு என்று வைத்துக்கொண்டால் இது 62 என்கிறது. எதை நூறு என்று வைத்தார்கள் என்பது அறிக்கையில் பெரும்பாலும் இருக்காது. அதை இயற்கையோ இயந்திரமோ தீர்மானிக்கவில்லை, மனிதர்கள் தீர்மானித்தார்கள். இந்த ஸ்கேன்கள் நன்றாக உழைக்கும் இடங்களும் ஏமாற்றும் இடங்களும் அந்த ஒரு தீர்மானத்திலிருந்தே பிறக்கின்றன என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

முதலில் எண்ணிக்கை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். நம் ஊரில் இன்றும் பலர் இதைத் தாலியம் டெஸ்ட் என்றே சொல்கிறார்கள். 1970களின் நடுவில் தாலியம்-201 என்ற கதிரியக்கப் பொருள் இந்தத் துறைக்குள் வந்தது. அதன் இடத்தை டெக்னீஷியம்-99எம் பெருமளவு பிடித்துக்கொண்ட பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெக்னீஷியத்தில் பாதி ஆறு மணி நேரத்தில் சிதைந்துவிடும் என்பதால் அதைத் தயாரித்துக் கிடங்கில் வைத்து விற்க முடியாது. ஈயக் கவசத்துக்குள் மாலிப்டினம்-99 ஏற்றிய சிறு குழல் ஒன்று மருத்துவமனைக்கு வரும். மாலிப்டினம் சிதையச் சிதைய டெக்னீஷியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் குழலுக்குள் உப்புநீரை ஓடவிட்டால் ஊறியதெல்லாம் கரைந்து குப்பிக்கு வந்துவிடும். இத்துறையில் இருப்பவர்கள் அந்தக் குழலைப் பசு என்றும் இந்த வேலையைக் கறப்பது என்றும் சொல்வது உலக வழக்கம். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம் என்பதால் நாளுக்கு நாள் கறவை குறையும், பிறகு வேறு பசு வரவேண்டும். கறந்ததைச் செஸ்டமிபி போன்ற மருந்தோடு சேர்த்துக் கை நரம்பில் ஏற்றுவார்கள். இதயத் தசையின் செல்லுக்குள் புகுந்து, அங்குள்ள மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டிக்கொண்டு, அதிகம் நகராமல் அங்கேயே இருக்கும் குணம் அந்த மருந்துக்கு உண்டு. ஆகவே நோயாளி டிரெட்மில்லில் ஓடி இதயம் உச்சத்தில் துடிக்கும் நேரத்தில் ஊசி போட்டுவிட்டு, அரை மணி, ஒரு மணி கழித்து நிதானமாகப் படம் பிடித்தாலும் ஓடிய கணத்தின் ரத்தப் பங்கீடுதான் படத்தில் இருக்கும். ஆனால் ஏற்றிய மருந்தில் இதயத்துக்குப் போய்ச் சேர்வது ஓய்வில் சுமார் 1.2 சதவீதம், ஓடும்போது சுமார் 1.5 சதவீதம். அதைவிடப் பல மடங்கு ஈரலுக்குப் போய்விடுகிறது. அந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை கணக்கும்.

அந்தச் சொற்பமும் முழுதாகக் கேமராவை எட்டுவதில்லை. டெக்னீஷியத்திலிருந்து கிளம்பும் காமா கதிர், சுமார் நாலரை சென்டிமீட்டர் திசுவைக் கடப்பதற்குள் பாதியாகக் குறைந்துவிடும். இதயத்தின் முன்சுவருக்கும் கேமராவுக்கும் நடுவில் பெண்களுக்கு மார்பகம் இருக்கிறது. கீழ்ச்சுவருக்குக் குறுக்கே, குறிப்பாக ஆண்களுக்கு, உதரவிதானம் வந்து நிற்கிறது. இதயத்தின் அடிப்புறத்தை ஒட்டி ஈரலும் குடலும் தங்கள் பங்குக்கு ஒளிர்கின்றன. கேமராவின் முகத்தில் தேன்கூடு போலத் துளையிட்ட ஈயத் தகடு இருக்கும். நேராக வரும் கதிரை மட்டும் விட்டு, சாய்ந்து வருவதையெல்லாம் விழுங்கிவிடுவது அதன் வேலை. பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு தேறினால் அதிகம். தப்பியது சோடியம் அயோடைடு படிகத்தில் பட்டால் ஒரு மினுக்கு. அந்த மினுக்கு ஒரு எண்ணிக்கை. 1950களின் இறுதியில் பெர்க்லியில் ஹால் ஆங்கர் வடிவமைத்த கேமராவின் அடிப்படை இதுதான், இன்றும் பெரிதாக மாறவில்லை. போதாக்குறைக்கு இதயச் சுவரின் தடிப்பே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். கேமராவின் கூர்மையும் அந்த அளவிலேயே நின்றுவிடுவதால் சுவர் மெலிந்த இடம் மருந்து குறைந்த இடம் போலவே மங்கித் தெரியும். ஆகவே ஓர் இடத்தில் 4,000 மினுக்குகள் பதிவானால், அது எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைக் குறிக்கிறது என்று சொல்ல வழியில்லை. பருமனான ஒருவருக்கும் மெலிந்த ஒருவருக்கும் அந்த 4,000 ஒரே பொருள் தராது.

இந்த இக்கட்டிலிருந்து தப்பத்தான் நூறு வந்தது. மொத்த எண்ணிக்கையை நம்ப முடியாவிட்டால் போகட்டும், அந்த இதயத்துக்குள்ளேயே எது அதிகம், எது குறைவு என்று பார்க்கலாமே என்று யோசித்தார்கள். படத்தில் மிகப் பிரகாசமான இடத்தை நூறு என்று வைத்து, மற்ற இடங்களுக்கு அதோடு ஒப்பிட்டு எண் கொடுத்தார்கள். வகுப்பில் முதல் மாணவன் எடுத்ததை நூறாக்கி மற்றவர்களின் மதிப்பெண்ணை அதற்கேற்ப மாற்றும் ஆசிரியரின் வழி இது. இடது கீழறையை ஒரு தொன்னை என்று நினைத்துக்கொண்டு, அதை மேலிருந்து அழுத்தித் தட்டையாக்கினால் தொன்னையின் அடி நடுவிலும் விளிம்பு வெளி வட்டத்திலும் வரும். அப்படித் தட்டையாக்கிய வண்ண வட்டத்தைத்தான் போலார் மேப் என்கிறார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2002இல் பரிந்துரைத்த முறைப்படி அதை 17 துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சரியாக இருந்தால் 0, மருந்தே ஏறாவிட்டால் 4. எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 68. ஓடியபோது ஒன்று, ஓய்வில் ஒன்று என்று இரண்டு படங்கள் எடுப்பார்கள். இரண்டிலும் மங்கலாக இருந்தால் அங்கே பழைய தழும்பு இருக்கலாம். ஓடும்போது மட்டும் மங்கினால் அங்கே தேவைக்கு ஏற்ப ரத்தம் கூடவில்லை என்று பொருள்.

ஓடவிட்டுப் பார்ப்பதற்குக் காரணம் 1974இல் லான்ஸ் கூல்ட் நாய்களின் இதயத்தில் காட்டிய ஓர் உண்மை. ரத்தக்குழாயின் விட்டம் ஏறத்தாழ 85 சதவீதம் குறுகும்வரை ஓய்வு நேர ஓட்டம் குறையவே இல்லை. கீழே உள்ள சிறு நாளங்கள் விரிந்துகொடுத்துச் சமாளித்துவிடுகின்றன. குழாய்க்கு உச்ச வேலை கொடுத்தபோதோ, பாதியளவு குறுகலிலேயே பற்றாக்குறை வெளிப்பட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும் இதயத்தைப் படம் பிடித்தால், முக்கால்வாசி அடைபட்ட குழாயும் நல்ல பிள்ளையாகவே தெரியும்.

ஒப்பிட்டு எண் கொடுக்கும் இந்த முறை கெட்டிக்காரத்தனமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்று பெரிய குழாய்களில் ஒன்று பழுதாகி மற்ற இரண்டும் நன்றாக இருந்தால் இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் வகுப்பில் எல்லோருமே பாடம் படிக்காமல் வந்திருந்தால் என்ன ஆகும்? முதல் மாணவன் நூற்றுக்கு 50 எடுத்திருக்கிறான், அது நூறாகிவிடுகிறது. மற்றவர்கள் 48, 49 எடுத்திருந்தால் எல்லோரும் தொண்ணூறுகளில். மதிப்பெண் பட்டியல் பளபளக்கும். மூன்று குழாய்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அடைபட்ட இதயத்தில் நடப்பது இதுதான். எங்கும் ரத்தம் குறைவு. எங்கும் ஒரே மாதிரி குறைவு. ஆகவே எங்கும் குறை தெரிவதில்லை. யாருக்கு எச்சரிக்கை மிகவும் தேவையோ அவருக்கே படம் நன்றாக இருக்கிறது என்ற பதில் வருகிறது. சமநிலைப் பற்றாக்குறை என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். மூன்று குழாய்களும் கச்சிதமாக ஒரே அளவில் அடைபடுவது அரிது என்பது உண்மை. ஆனால் தவறு நேரக் கச்சிதம் தேவையில்லை. மூன்றும் பழுது, அதில் ஒன்று மட்டும் சற்று மோசம் என்றாலும் அந்த ஒன்றுதான் படத்தில் தெரியும். மற்ற இரண்டும் நூறு என்று வைக்கப்பட்ட இடத்தில் ஒளிந்துகொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்த ஓட்டம் மூன்று மடங்கானால் மருந்து ஏற்பு மூன்று மடங்காவதில்லை. ஓட்டம் கூடக்கூட, வேகமாக ஓடும் பேருந்தில் ஏற முடியாதவர்களைப் போல, மருந்தில் ஒரு பகுதி செல்லுக்குள் நுழையாமலே கடந்துவிடுகிறது. நன்றாக இருக்கும் பகுதிக்கும் சற்றே பழுதான பகுதிக்கும் உள்ள இடைவெளி படத்தில் இன்னும் சுருங்குகிறது.

அனுபவமுள்ள மருத்துவர் எண்ணை மட்டுமா பார்ப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓடிய பிறகு இதய அறை விரிந்திருக்கிறதா, ஓடும்போது ரத்த அழுத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்கியதா, ஈசிஜி என்ன சொன்னது, சுவர் சரியாக அசைகிறதா என்றெல்லாம் அவர் பார்ப்பார். முன்சுவர் மங்கலாக இருந்தும் அந்தச் சுவர் நன்றாகச் சுருங்கினால், அது மார்பகத்தின் நிழல்தான் என்று ஒதுக்கிவிடுவார். குப்புறப் படுக்க வைத்து எடுத்த படத்தில் கீழ்ச்சுவர் தெளிந்துவிட்டால் உதரவிதானத்தின் வேலை என்று புரிந்துகொள்வார். எல்லாம் சரி. ஆனால் இவை ஒவ்வொன்றும் அந்த நூறுக்கு வெளியே போய்ச் சாட்சி தேடும் முயற்சி என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது என்று, தேர்ந்த கண் உள்ளவர்களின் நடைமுறையே ஒப்புக்கொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால் இந்தத் துறையின் முதல் அளவீட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. 1920களின் நடுவில் பாஸ்டனில் ஹெர்மன் ப்ளம்கார்ட் என்ற மருத்துவர், ரேடியத்திலிருந்து கிடைத்த ஒரு கதிரியக்கப் பொருளை நோயாளியின் ஒரு கையில் ஏற்றி, மறு கைக்கு அது வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டார். நொடியில் கணக்கு. நொடியை யாரோடும் ஒப்பிட வேண்டியதில்லை. படம் பிடிக்கும் வசதி வந்தபோது கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டோம். அதைத் திரும்ப எடுத்து வந்தது பெட் ஸ்கேன். அதிலும் பெரும்பாலும் பசுதான், அதாவது ஜெனரேட்டர். ஸ்ட்ரான்ஷியம்-82 சிதைந்து ரூபிடியம்-82 ஆகிறது. ரூபிடியத்தின் அரை ஆயுள் 76 நொடி. கறந்த கையோடு குழாய் வழியே நேராக நோயாளியின் நரம்புக்கு அனுப்பிவிடுவார்கள், ஊசியில் எடுத்து வைக்கக்கூட நேரமில்லை. நொடிக்கு நொடி படங்கள் எடுக்கும்போது, முதலில் இதய அறைக்குள் இருக்கும் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருந்தது என்று தெரிகிறது. பிறகு அது சுவருக்குள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று தெரிகிறது. உடம்பில் கதிர் எவ்வளவு தேய்ந்தது என்பதையும் சிடி படத்தைக் கொண்டு திருத்திவிடலாம். இப்போது வகுக்கும் எண் பக்கத்துச் சுவர் இல்லை. எவ்வளவு மருந்து கிடைத்தது, எவ்வளவு நேரத்தில் என்பது மட்டுமே. விடை, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று வருகிறது. ஆரோக்கியமான இதயத்தில் அது ஓய்வில் ஒரு மில்லிலிட்டரை ஒட்டி இருக்கும். நாளங்களை விரிக்கும் மருந்து கொடுத்ததும் இரண்டரை, மூன்று என்று ஏறும். எத்தனை மடங்கு ஏறுகிறது என்பதே சேமிப்புத் திறன். 2 மடங்குக்கு மேல் என்றால் பொதுவாக நிம்மதி. மூன்று குழாய்களும் சேர்ந்து சதி செய்தாலும் இங்கே தப்ப முடியாது, ஏனென்றால் மூன்று பகுதியிலும் எண் 1.2 என்று நிற்கும். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2011இல் 2,783 நோயாளிகளைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், சேமிப்புத் திறன் 1.5க்குக் கீழே இருந்தவர்கள் இதய நோயால் இறக்கும் அபாயம் 2க்கு மேல் இருந்தவர்களைவிட 5.6 மடங்கு அதிகமாக இருந்தது. வழக்கமான படம் சொன்னதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் இந்த எண் கூடுதலாக ஏதோ சொன்னது.

அதற்காகப் பெட் எண்ணைக் கும்பிட வேண்டியதில்லை. சேமிப்புத் திறன் என்பதும் ஒரு விகிதம்தான், அதன் அடியில் இருப்பது ஓய்வு நேர ஓட்டம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கு ஓய்விலேயே இதயம் அதிக ரத்தம் கேட்கும். அடி எண் பெருத்துவிட்டால் விகிதம் சிறுத்துவிடும், குழாயில் கோளாறு இல்லாமலே. எதிர்த்திசையில் மேல் எண்ணையும் குலைக்கலாம், அதற்கு ஒரு டம்ளர் காபி போதும். நாளங்களை விரிக்கக் கொடுக்கும் அடினோசின் வகை மருந்துகள் செல்லில் எந்தக் கதவைத் தட்டுகின்றனவோ அதே கதவில் காபியின் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்து ஏறியும் நாளம் விரியாது, ஓட்டம் கூடாது. வழக்கமான ஸ்கேன் என்றால் அடைப்பே மறைந்துபோகும். பெட் என்றால் நல்ல இதயமும் நோயாளியாகத் தெரியும். முந்தின நாளிலிருந்து காபி, டீ கூடாது என்று சோதனைக்கூடத்தில் சொல்வதைக் கண்டிப்புக்காகச் சொல்வதாக நினைத்து, விடிகாலையில் அரை டம்ளர் மட்டும் என்று சமரசம் செய்துகொள்பவர்கள் பல ஆயிரம் ரூபாய்ச் சோதனையை அரை டம்ளருக்கு விற்றுவிடுகிறார்கள்.

நூறு எது என்ற கேள்வி ரத்த ஓட்டத்தோடு நிற்பதும் இல்லை. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் உருக்குலைந்து இதயச் சுவரில் படியும் அமிலாய்டு நோயில் எலும்பு ஸ்கேனுக்கான மருந்து இதயத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே மங்கலுக்குப் பதில் பிரகாசம்தான் கெட்ட செய்தி. எவ்வளவு பிரகாசம் என்று அளக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். இதயத்தின் மேல் ஒரு வட்டம், அதே அளவில் வலது மார்பில் ஒரு வட்டம், முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் 1.5க்கு மேல் இருந்தால் நோய். கோடு போட்டாற்போல் தெளிவான விதி. ஆனால் அந்த வட்டத்துக்குள் இதயத் தசை மட்டும் இல்லை. அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ரத்தமும் மேலே இருக்கும் விலா எலும்பும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. சுவரில் எதுவும் படியாதவருக்கும் ரத்தத்தில் மிஞ்சிய மருந்தால் விகிதம் ஏறிவிடலாம். அதனால்தான் பிந்தைய வழிகாட்டல்கள் முப்பரிமாணப் படம் எடுத்து, மருந்து சுவரில்தான் இருக்கிறது என்று கண்ணால் உறுதிசெய்யச் சொல்கின்றன. ரத்தத்திலும் சிறுநீரிலும் வேறொரு வகை அமிலாய்டு இல்லை என்பதையும் தனியாகச் சோதிக்கச் சொல்கின்றன. அந்த வேறு வகைக்கு உடனே வேறு சிகிச்சை தேவை, தாமதித்தால் உயிர் போகும்.

இதற்கெல்லாம் அடிப்படையான எதிர்ப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2003இல் 10,627 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, இதயத் தசையில் 10 சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறை இருந்தால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் பத்து ஏறத்தாழ வேதவாக்காயிற்று. பிறகு இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வு, இந்தியா உட்பட 37 நாடுகளில், மிதமான அல்லது கடுமையான பற்றாக்குறை உள்ள 5,179 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு முதலிலேயே ஆஞ்சியோ, தேவையானால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறு பிரிவுக்கு மருந்து, பலிக்காவிட்டால் மட்டும் ஆஞ்சியோ. 2020இல் முடிவு அச்சில் வந்தபோது, மூன்று ஆண்டுக்குச் சற்று மேலான பின்தொடர்தலில் மரணம், மாரடைப்பு போன்றவற்றில் இரு பிரிவுக்கும் நம்பத்தக்க வேறுபாடு இல்லை. நெஞ்சுவலி அடிக்கடி வந்தவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் கூடுதல் நிவாரணம் கிடைத்தது. அப்படியென்றால் மருந்து ஏற்பை இவ்வளவு நுணுக்கமாக அளந்து என்ன பயன்?

என் பதில், அந்த ஆய்வு என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, கூர்மையாக்குகிறது என்பதே. 10 சதவீதம் என்பது அந்தந்த இதயத்தின் சிறந்த பகுதியோடு ஒப்பிட்டுக் கிடைத்த எண். அதை எல்லோருக்கும் பொதுவான வாசல்படியாக்கியது நாம் செய்த தவறு. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும் கட்டுக்கடங்காத வலி உள்ளவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. பெரிய குழாய்கள் சுத்தமாக இருந்தும், ஆஞ்சியோவில் தெரியாத நுண்நாளங்கள் விரியாமல் நெஞ்சுவலியோடு அலைபவர்களைப் பற்றியும் அது எதுவும் சொல்லவில்லை. இவர்களில் பெண்கள் அதிகம். உங்களுக்கு ஒன்றுமில்லை, மனசுதான் காரணம் என்ற பதிலோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள். அவர்களுடைய நோயைப் படத்தில் பார்க்க ஒப்பீட்டு எண்ணால் இயலாது, மில்லிலிட்டர் கணக்கால் இயலும். எண் அபாயத்தைச் சொல்வது ஒன்று, அந்த எண்ணைப் பார்த்துச் செய்யும் சிகிச்சை அபாயத்தைக் குறைக்கும் என்று காட்டுவது வேறு. முதலாவதற்குச் சான்று நிறைய இருக்கிறது. இரண்டாவதை முதலாவதிலிருந்து தானாகப் பெற்றுவிடலாம் என்று நினைத்துத்தான் 2003க்குப் பிறகு பலரும் சறுக்கினார்கள்.

கதிர்வீச்சு பயம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெக்னீஷியத்தில் ஓய்வு, ஓட்டம் இரண்டும் எடுத்தால் சுமார் 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஆண்டுக்கு நமக்குக் கிடைப்பது சராசரியாக இரண்டரை. தாலியத்தில் டெக்னீஷியத்தைவிட அதிகம், ரூபிடியத்தில் மிகக் குறைவு. ஓடிய படமே சரியாக இருந்தால் ஓய்வுப் படத்தைத் தவிர்ப்பவர்களும் உண்டு. ரூபிடியத்தில் வேறு வகைக் கவனம் தேவை. 2011இல் அமெரிக்காவில் ஜெனரேட்டரிலிருந்து ஸ்ட்ரான்ஷியமும் கசிந்து உடம்பில் சேர்ந்த இரண்டு பேர், ஸ்கேன் எடுத்துப் பல வாரங்கள் கழித்து எல்லைச் சோதனையில் கதிரியக்க அலாரத்தை ஒலிக்கவிட்டார்கள். தினமும் கசிவைச் சோதிக்கும் விதிகள் அதன்பின் இறுகின. செலவுதான் உண்மையான தடை. ஸ்ட்ரான்ஷியத்தின் அரை ஆயுள் 25 நாள் என்பதால் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை புது ஜெனரேட்டர் வாங்கவேண்டும், நோயாளி வந்தாலும் வராவிட்டாலும். பெரும்பாலான மருத்துவமனைகள் டெக்னீஷியத்தோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை.

ஆகவே ஒப்பீட்டு எண்தான் இன்னும் பல காலம் நம் கைக்கு வரப்போகிறது. அதில் இன்னொரு அடுக்கும் மறைந்திருக்கிறது. 62 குறைவா இல்லையா என்று கணினி தீர்ப்புச் சொல்லும்போது, ஆரோக்கியமானவர்கள் என்று முன்பே தேர்ந்தெடுத்த ஒரு கூட்டத்தின் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆணுக்கு ஒரு கூட்டம், பெண்ணுக்கு ஒரு கூட்டம். அமெரிக்க உடம்புகளை வைத்துக் கட்டிய பட்டியல் தங்கள் மக்களின் சிறிய உடலுக்கும் சிறிய இதயத்துக்கும் ஒத்துவரவில்லை என்று கண்ட ஜப்பானிய அணு மருத்துவர்கள், தங்கள் நாட்டவர்களை வைத்தே தனிப் பட்டியல் தயாரித்து 2007இல் வெளியிட்டார்கள். ஸ்கேன் அறிக்கை கையில் கிடைத்தவர் மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு உண்டு. இந்த 62க்கு எதிரே நூறு என்று வைத்த சுவர் எது, அது நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? கணினியில் இருக்கும் நல்ல இதயம் யாருடையது?